டிவிடி எழுதும்போது வரும் பிழைகள்: கம்ப்யூட்டரா, டிஸ்க்கா, மென்பொருளா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான் என்று புரிந்துகொள்கிறேன். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, போனில் எடுத்ததும் ஹேண்டிகேமில் எடுத்ததுமாகக் கலந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருக்கிறது. அதை டிவிடி ஆக்கப் பார்க்கிறீர்கள். ஒரு தடவை 90 சதவீதத்தைத் தாண்டியதும் மென்பொருள் நின்றுவிட்டது. இன்னொரு தடவை எழுதத் தொடங்கியதுமே ‘பவர் கேலிபரேஷன் ஏரியா எரர்’ என்று வந்தது. சரி, கோப்புகளை அப்படியே டிஸ்க்கில் போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டிவியோடு இருக்கும் பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறது. ஒரே ஒரு டிஸ்க் பிளேயரில் ஓடியது, அதிலும் போகப்போகப் பேச்சும் உதடும் சேரவில்லை. டொரொண்டோவில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு காப்பி போக வேண்டும். “கம்ப்யூட்டர் பழுதா, டிஸ்க் பழுதா, மென்பொருள் பழுதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல்யாண வீடியோக்களை எடிட் செய்து டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன நான்கும் நான்கு தனிப் பிரச்சினைகள். ஒன்றுக்கு மருந்து போட்டால் மற்றது தீராது. மென்பொருளை மாற்றியும் பலனில்லை, டிஸ்க்கை மாற்றியும் பலனில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். வீடியோவை உள்ளே போட்டு ஒரே பொத்தானை அழுத்தினால் டிஸ்க் வெளியே வரும் என்கிற மென்பொருள்கள் எல்லா வேலையையும் ஒரே ஓட்டத்தில் செய்கின்றன. எங்கே தடுமாறினாலும் ‘எரர்’ என்ற ஒரே சொல்தான் திரையில் வரும். அதனால் முதல் வேலை, அந்த ஓட்டத்தைத் துண்டுகளாக்குவது. முதலில் வீடியோவை டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2 என்ற சுருக்க முறைக்கு மாற்ற வேண்டும். அதை வைத்து டிவிடி ஃபோல்டரைக் கட்ட வேண்டும். அந்த ஃபோல்டரில் இருந்து ஒரு ஐஎஸ்ஓ இமேஜ், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே அடக்கிய ஒரே கோப்பு, செய்ய வேண்டும். கடைசியில்தான் டிஸ்க். இமேஜ் வரைக்கும் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே நடக்கும், ஒரு டிஸ்க்கும் வீணாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். டிவிடிஸ்டைலர் மாதிரி இலவச மென்பொருளிலேயே ‘எழுது’ என்பதற்குப் பதிலாக ‘ஃபோல்டர் மட்டும்’ அல்லது ‘ஐஎஸ்ஓ இமேஜ் மட்டும்’ என்று தேர்ந்தெடுக்கலாம். எழுதுவதற்கு இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது, ஆனாலும் இன்றைய விண்டோஸில் ஓடுகிறது. நிறுவும்போது வேறு எதையாவது சேர்த்து நிறுவலாமா என்று கேட்டால், ஒவ்வொரு திரையையும் படித்துப் பார்த்து மறுத்துவிடுங்கள்.

இப்போது 90 சதவீதத்தில் நின்ற விஷயம். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: லேப்டாப்பில் இடம் இல்லாததால் தற்காலிகக் கோப்புகளைப் பழைய வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகமே அதன் மேல்தான். பழைய வெளி டிரைவ்களும் பென் டிரைவ்களும் பல நேரம் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. துல்லியமாகச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் பைட்டுதான் எல்லை. ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு சுமார் 470 கோடி பைட். டிஸ்க்கை நிறைக்கும் ஓர் இமேஜ் கோப்பு அந்த டிரைவில் வளர்ந்துகொண்டே போனால் 91 சதவீதம் வாக்கில் சுவரில் முட்டும். சில மென்பொருள்கள் கோப்பைத் துண்டாக்கிச் சமாளித்துக்கொள்ளும். பல அப்படியே நின்றுவிடும், அல்லது ‘இடம் போதவில்லை’ என்று சொல்லும். டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் யாருக்குமே குழப்பமாகத்தான் இருக்கும். டிரைவின் மேல் வலது பக்கம் கிளிக் செய்து ‘பிராப்பர்டீஸ்’ பாருங்கள். ஃபேட்32 என்று இருந்தால், அதில் உள்ளதை முழுக்க வேறு இடத்துக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ஏற்கெனவே என்டிஎஃப்எஸ் என்றால் என் ஊகம் தவறு, அடுத்த காரணத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இதே இடத்தில் பலர் குழம்புவது. டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. விண்டோஸில் 4.5 ஜிபி என்று தெரிகிற ஃபோல்டர் ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் கொள்ளாது.

அடுத்த காரணம் மூலக் கோப்பு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றால் சந்தேகம் அந்த இடத்தில் வரும் கிளிப்பின் மேல் போக வேண்டும். நிற்கும் இடம் தடவைக்குத் தடவை மாறினால் சூடு, ரேம், காலி இடம் என்று கம்ப்யூட்டர் பக்கம் தேட வேண்டும். எம்பெக் மாற்றம் செய்யும்போது பிராசஸர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைக்கும். விசிறியில் தூசி அடைத்த லேப்டாப் பாதியில் அணைந்துவிடுவது சர்வ சாதாரணம். கிளிப்பின் மேல் சந்தேகம் என்றால் அதை விஎல்சி என்ற இலவச வீடியோ மென்பொருளில் கடைசி வரை தள்ளித் தள்ளி ஓட்டிப் பாருங்கள். போனில் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்தோ, மெமரி நிறைந்தோ நின்றிருந்தால் அந்த எம்பி4 கோப்பு சரியாக மூடப்பட்டிருக்காது. எம்பி4இல் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதுவார்கள். அட்டவணை இல்லையென்றால் மென்பொருளின் பதிவுக் கோப்பில் (லாக்) ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்ற வரி வரும். அப்படிப்பட்ட கோப்பை எந்த மாற்றியிலும் போட்டுப் பலனில்லை. ஆனால் கைவிடவும் வேண்டாம். அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் காட்டினால் உடைந்ததைச் சீர்செய்து தரும் ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. எல்லா நேரமும் மீளும் என்று சொல்ல மாட்டேன், முயன்று பார்க்கலாம்.

நம் ஆட்களுக்கென்றே வரும் ஒரு பிழையும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஃபோல்டருக்கு ‘அறுபதாம் கல்யாணம்’ என்று தமிழில் பெயர் வைத்திருப்போம். யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்கள் விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளை நம்பி ஓடுகின்றன. அந்தப் பழைய அட்டவணைகளில் தமிழுக்கு இடமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் அந்த மென்பொருளுக்குக் கேள்விக்குறியாகத்தான் போய்ச் சேரும். கோப்பின் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. விளைவு, ‘கோப்பைக் காணவில்லை’ அல்லது வாயே திறக்காமல் மூடிக்கொள்வது. விண்டோஸ் பயனர் பெயரே தமிழில் இருந்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் தற்காலிகக் கோப்புகள் வழக்கமாக அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் போகும். சி அல்லது டி டிரைவின் வேரிலேயே, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, மூலக் கோப்புகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அங்கே வையுங்கள். டிஸ்க்கின் மேலே தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தை ஒரு டிஸ்க்கில் திணிக்க வேண்டாம். கணக்கு எளிது: 470 கோடி பைட் என்றால் 37,600 மெகாபிட். மூன்று மணி நேரத்துக்கு 10,800 விநாடி. வகுத்தால் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கும் கொஞ்சம் கீழே. அதில் ஒலிக்கும் கட்டமைப்புக்கும் போக, படத்துக்கு மூன்று சொச்சம்தான் மிஞ்சும். எம்பெக்-2 பழைய முறை, பிறகு வந்த ஹெச்.264 முறை அளவுக்குச் சுருக்கத் தெரியாதது. ஹோமப் புகை, அட்சதை தூவுவது, பட்டுப்புடவையின் சரிகை, கையில் பிடித்து ஆட்டிய கேமரா, இதெல்லாம் மூன்று மெகாபிட்டில் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க் ஆக்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மொத்தம் 7 மெகாபிட் வாக்கில் கிடைக்கும், படத்துக்கு 6 தாராளம். ஹோமமும் கலசாபிஷேகமும் முதல் டிஸ்க், மாங்கல்யதாரணத்தில் இருந்து ஆசீர்வாதம் வரை இரண்டாவது என்று பிரித்தால் பார்ப்பவர்களுக்கும் வசதி. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறதே என்று கேட்பீர்கள். விலை அதிகம், பல பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் திணறுகின்றன. இந்த வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எதிர்த்திசையிலும் ஒரு எல்லை உண்டு. டிவிடியில் படத்துக்கு அதிகபட்சம் விநாடிக்கு 9.8 மெகாபிட், ஒலியெல்லாம் சேர்த்து 10.08. தரம் வேண்டுமென்று அந்த எல்லை வரை ஏற்றிவிட்டால், வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அது அடிக்கடி திக்கும். உச்சத்தை 8 மெகாபிட்டில் நிறுத்துங்கள். ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக வைத்தால் அது மட்டுமே ஒன்றரை மெகாபிட்டைத் தின்றுவிடும். ஏசி-3 முறையில் 192 அல்லது 224 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் மந்திரமும் அதில் நன்றாகவே கேட்கும்.

உதடும் ஒலியும் சேராத விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டிஸ்க்கின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒரே மாதிரி விலகலா, அல்லது போகப்போகக் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் ‘போகப்போக’ என்று சொல்லியிருக்கிறீர்கள், அதுவே பாதி விடை. தொடக்கம் முதலே ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் தீர்ந்தது. கூடிக்கொண்டே போனால் பிரேம் வேகத்தில் கோளாறு. போன் கேமராக்கள் பெரும்பாலும் நிலையான வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தால் விநாடிக்கு 30 படம், மண்டபத்தின் இருட்டு மூலையில் அதைவிடக் குறைவு என்று அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். டிவிடிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நம் ஊர் டிவிக்கான பேல் முறையில் விநாடிக்குச் சரியாக 25 படம். மாற்றும் மென்பொருள் சராசரியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் ஒலி தன் வேகத்திலும் படம் வேறு வேகத்திலும் போகும். இணையத்தில் பலர் இதற்கு ‘44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 48 ஆக மாற்றாததுதான் காரணம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒலி தவறான விகிதத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகம் மாறும், குரலே கீச்சென்று ஆகிவிடும். அதை நீங்கள் முதல் நிமிடத்திலேயே கவனித்திருப்பீர்கள்.

தீர்வு, போன் கிளிப்புகளை மட்டும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றியில் போட்டு, வீடியோ பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்று தேர்ந்தெடுத்து, தரத்தை 18 வாக்கில் வைத்து, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கி, புதிய எம்பி4 எடுத்துக்கொள்வது. அந்தப் புதிய கோப்புகளைத்தான் டிவிடி மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கே டிவிடி செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள், செய்யாது. அது எம்பி4, எம்கேவி மாதிரிக் கோப்புகளைத்தான் தரும். ஹேண்டிகேமின் எம்டிஎஸ் கோப்புகளை இந்த வழியில் அனுப்ப வேண்டாம். அவை பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில், வரி விட்டு வரியாகப் பதிவானவை. டிவிடியும் அதே முறையை ஏற்கும் என்பதால் நேராகவே கொடுக்கலாம். அதில் ஒன்றை மட்டும் பாருங்கள்: எம்டிஎஸ் கோப்பில் மேல் வரிதான் முதலில், மென்பொருளிலும் ‘டாப் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்’ என்று இருக்க வேண்டும். மாறிப்போனால் ஆட்கள் நடக்கும்போதும் கேமரா திரும்பும்போதும் படம் முன்னும் பின்னுமாக உதறும். கம்ப்யூட்டர் திரையில் இந்த உதறல் சில நேரம் தெரியவே தெரியாது, டிவியில்தான் தெரியும்.

ஃபோல்டர் கட்டியதும் உள்ளே திறந்து பாருங்கள். வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என்ற மூன்று வகைக் கோப்புகள் இருக்க வேண்டும். விஓபிகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு உட்பட்டே இருக்கும், அதனால் நாலைந்தாகப் பிரிந்திருப்பது இயல்பு. எதற்கும் பெயர் மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பியுபி என்பது ஐஎஃப்ஓவின் நகல், டிஸ்க்கில் கீறல் விழுந்தால் பிளேயர் அதைப் பார்க்கும். பக்கத்தில் ஆடியோ_டிஎஸ் என்று காலி ஃபோல்டர் இருந்தால் இருக்கட்டும், சில பழைய பிளேயர்கள் அதைத் தேடும். முழு ஃபோல்டரையும் விஎல்சியில் திறந்து, மெனு, ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கம், கடைசி ஐந்து நிமிடம் எல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஆனால் விஎல்சி எதையும் பொறுத்துக்கொள்ளும் குணமுடையது. விஎல்சியில் ஓடவில்லை என்றால் கோளாறு நிச்சயம். ஓடினால், மென்பொருள் பக்கம் பெரும்பாலும் சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

‘நோ டிஸ்க்’ விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எம்பி4 கோப்பை இழுத்து டிஸ்க்கில் போட்டால் கிடைப்பது டேட்டா டிஸ்க், வீடியோ டிவிடி ஆகாது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய பிளேயர் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் தேடும், காணவில்லை என்றால் கையை விரித்துவிடும். அதோடு, வெற்று டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: ‘யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலவா, சிடி/டிவிடி பிளேயரோடா’ என்று. முதலாவது ஏற்கெனவே தேர்வாகி இருக்கும், எல்லோரும் அதையே அழுத்திவிடுவார்கள். அப்படி எழுதிய டிஸ்க்கின் கோப்பு முறை வேறு, அதை வீட்டுப் பிளேயர்கள் பொதுவாகப் படிப்பதில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் எம்பி4 தானாக டிவிடி ஆகிவிடாது. இம்க்பர்னில் ஐஎஸ்ஓவைக் கொடுத்து எழுதினால் இந்தக் கேள்வியே வராது, டிஸ்க்கையும் அதுவே முடித்து மூடிவிடும்.

இனி பவர் கேலிபரேஷன். இதைத்தான் ஆட்கள் மென்பொருள் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். எழுதுவதற்கு முன் டிவிடி டிரைவ், டிஸ்க்கின் உள் ஓரத்தில் இதற்கென்றே ஒதுக்கிய சின்ன வளையத்தில் லேசரைக் கூட்டியும் குறைத்தும் பரிசோதனையாக எழுதிப் பார்க்கும். டிஸ்க்கில் பூசியிருக்கும் சாயத்துக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று அதில்தான் முடிவு செய்யும். சரியான அளவு அகப்படவில்லை என்றால் இந்தப் பிழை வரும். இம்க்பர்னின் பதிவுக் கோப்பில் 03 73 03 என்ற எண்களைப் பார்க்கலாம். எந்த மென்பொருளில் எழுதினாலும் இந்த எண்கள்தான் வரும், ஏனென்றால் பேசுவது டிரைவ், மென்பொருள் அதை அப்படியே ஒப்பிக்கிறது. ஆகவே இங்கே மூன்றே பேர்தான் சந்தேகத்துக்கு உரியவர்கள்: டிஸ்க், லேசர், மின்சாரம்.

உங்களுடையது யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் என்பதால் மின்சாரத்தில் தொடங்குங்கள், அதற்குச் செலவில்லை. பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தருவதற்குத்தான் கடமைப்பட்டது. எழுதும் நேரத்தில் டிரைவ் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். ஹப் வழியாகவோ நீளமான கேபிளிலோ செருகாதீர்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி 3.0 துளையில் நேராகச் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் டிரைவோடு வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். படிக்கும்போது ஒழுங்காக இருந்து, எழுதப் போனால் மட்டும் டிரைவ் காணாமல் போய்த் திரும்ப வருகிறது என்றால் மின்சாரம்தான் குற்றவாளி. ‘செமஃபோர் டைம்அவுட்’ என்று செய்தி வந்தாலும் கேபிளையும் துளையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் டிஸ்க். மேலே அச்சிட்ட பிராண்டை நம்பாதீர்கள். ஒரே பிராண்டு வெவ்வேறு ஆலைகளில் வாங்கி விற்கும். இம்க்பர்னில் டிஸ்க்கைப் போட்டால் வலது பக்கம் ‘டிஸ்க் ஐடி’ என்ற இடத்தில் உண்மையில் தயாரித்தவரின் குறியீடு தெரியும். டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளும் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் எப்படி எழுதுவது என்று தீர்மானிக்கிறது. தெரியாத குறியீடு என்றால் பொத்தாம்பொதுவாக எழுதும். நம் நாட்டில் பெரிய அளவில் டிஸ்க் தயாரித்த மோசர் பேர் நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஜப்பானின் தையோ யூடன் 2015 முடிவில் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பதில் பழைய சரக்கும் உண்டு. எழுதாத டிஸ்க்கின் சாயமும் வெயிலிலும் ஈரத்திலும் கெடும். அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்த ஐம்பது டிஸ்க் ஸ்பிண்டிலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். வேறு குறியீடுள்ள டிஸ்க் இரண்டு மட்டும் வாங்கி முயலுங்கள். இந்தப் பிழையில் நின்ற டிஸ்க்கையும் தூக்கிப் போட வேண்டாம். இம்க்பர்ன் அதை இன்னும் காலி டிஸ்க் என்றே காட்டினால், வேறு டிரைவில் அது எழுதப்படக்கூடும்.

லேசரைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே டிரைவுக்குள் இரண்டும் உண்டு. ஆகவே சிடி நன்றாக எழுதுகிறதே, டிரைவ் எப்படிப் பழுதாகும் என்ற வாதம் செல்லாது, ஒன்று மங்கி மற்றது நன்றாக இருக்கலாம். இரண்டு மூன்று குறியீடுள்ள நல்ல டிஸ்க்குகளிலும், சரியான மின்சாரத்திலும் இதே பிழை வந்தால் டிரைவை மாற்றுவதுதான் வழி. லென்ஸில் தூசி இருக்கலாம், ஊதுகிற ரப்பர் பல்பால் ஒருமுறை ஊதிப் பாருங்கள், பஞ்சால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். தேய்ந்த லேசரா, தூசியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

எழுதும் வேகம் பற்றி இரண்டு வார்த்தை. ‘எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் எழுது’ என்பது பழைய காலத்து அறிவுரை. 16 எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கில் எழுதக்கூடிய டிஸ்க்கும், அதற்கான டிரைவும் நடுத்தர வேகத்துக்குத்தான் நன்றாகப் பழக்கப்பட்டவை. 8 எக்ஸில் எழுதுவதுதான் என் வழக்கம். மெல்லிய டிரைவ்களில் 8 எக்ஸே உச்சமாக இருக்கும், அதில் 4 அல்லது 6. முழு டிஸ்க்குக்கு 8 எக்ஸில் பத்து நிமிடத்துக்குள், 4 எக்ஸில் கால் மணி நேரம் ஆகும். எது மேல் என்று உங்கள் டிரைவும் டிஸ்க்கும் சேர்ந்துதான் சொல்லும், இதில் பொது விதி இல்லை. ‘வெரிஃபை’ என்ற பெட்டியை மட்டும் கட்டாயம் டிக் செய்யுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளி நோக்கி எழுதப்படுகிறது, விளிம்பில்தான் தரம் முதலில் குறையும். சரிபார்ப்பு கடைசிப் பகுதியில் தவறினால், பிட்ரேட்டை (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவை) கொஞ்சம் குறைத்து இமேஜை 4.1 ஜிபி வாக்கில் நிறுத்திவிடுங்கள், விளிம்புக்குப் போக வேண்டியதே இல்லை. வட்டமாக வெட்டிய காகித ஸ்டிக்கரை டிஸ்க்கில் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வருஷம் போகப்போகக் காகிதம் சுருங்கி, நன்றாக எழுதிய டிஸ்க்கையே கெடுக்கும்.

பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வாங்குங்கள், பிளஸ் ஆர் அதற்கு அடுத்துதான். பரீட்சைக்கு ஒரே ஒரு டிவிடி-ஆர்டபிள்யூ வைத்துக்கொண்டால் எழுதி, பிளேயரில் ஓட்டிப் பார்த்து, அழித்து மறுபடி எழுதலாம். ஆர்டபிள்யூ குறைவாகத்தான் ஒளியைத் திருப்பும், அதனால் சில பிளேயர்கள் அதைப் படிக்காது. படித்துவிட்டால் நிம்மதியாக மற்றதை எழுதலாம். படிக்கவில்லை என்றால் அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அக்காவுக்குப் போகும் காப்பி தனி வேலை. கனடாவில் டிவிடிக்கு என்டிஎஸ்சி என்ற வேறு முறை: 720 பெருக்கல் 480, விநாடிக்கு 29.97 படம். நம்முடையது 720 பெருக்கல் 576, 25 படம். இந்தியப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டிவிடும், அங்கே விற்கும் பிளேயர்களில் பல பேல் டிஸ்க்கை ஓட்டாது. ஆகவே அவருக்கு என்டிஎஸ்சி டிஸ்க்கே போகட்டும். இங்கே செய்த பேல் டிவிடியை மறுபடி மாற்றாமல், மூலக் கோப்புகளில் இருந்தே தனியாகச் செய்யுங்கள், இல்லையென்றால் தரம் இரண்டு தடவை அடிபடும். ரீஜன் கோடு (டிஸ்க் எந்தெந்த நாடுகளில் ஓடலாம் என்று பூட்டும் எண்) பற்றிக் கவலைப்பட வேண்டாம், வீட்டில் செய்யும் டிஸ்க்கில் அதைப் பூட்டாமல் விட்டால் எங்கும் ஓடும். டிஸ்க்கோடு மூல எம்பி4 கோப்புகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். போனில் எடுத்த தரம் டிவிடியில் பாதிகூட இருக்காது, அந்தக் கோப்புகள்தான் உங்கள் குடும்பத்தின் அசல். டிஸ்க் நன்றாக வந்துவிட்டது என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இன்றைக்கு எதையும் எழுத வேண்டாம். வெளி டிரைவ் ஃபேட்32ஆ என்று பாருங்கள், ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், போன் கிளிப்புகளை நிலையான வேகத்துக்கு மாற்ற விட்டுவிட்டுப் படுங்கள். நாளைக்கு முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஐஎஸ்ஓ செய்து விஎல்சியில் பாருங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால், எந்தக் கட்டத்தில் நின்றது, பதிவுக் கோப்பின் கடைசிப் பத்துப் பதினைந்து வரிகள், இம்க்பர்ன் காட்டும் டிஸ்க் ஐடி, டிரைவின் மாடல் பெயர், இந்த நான்கையும் இங்கே போடுங்கள். ‘எரர் வருகிறது’ என்பதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த வரிகள் இருந்தால் நானோ, இங்கே தெரிந்த வேறு யாரோ பார்த்துச் சொல்லிவிடுவோம்.